யாருடைய கிணற்றில் அள்ளுகிறோம்?

(கல்லடியில் பிஎச்பி (PHP) நிரல்மொழி பழகும் இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

தம்பி தங்கச்சிமாரே,

நெல் வியாபாரி ஒருவருக்குக் கணக்குப் பார்க்க ஒரு நிரல் எழுதினேன். நாடு, சம்பா, கீரிச்சம்பா என்று மூன்று நெல்லினத்துக்கும் மூன்று வகுப்பு (class). விலை ஒவ்வொரு மூட்டைக்கும் தனித்தனி இல்லை, அந்த இனம் முழுவதற்கும் ஒன்றுதான். அதனால் அதை ஸ்டாட்டிக் (static) ஆக, அதாவது வகுப்புக்கே பொதுவான உறுப்பாக வைத்தேன். எந்த நெல் என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியவரும், ஆகவே வகுப்பின் பெயரை $வகை என்ற மாறியில் வைத்தேன்.

2009 இல் பிஎச்பி 5.3 வரும்வரை $வகை::$விலை என்று எழுத முடியாது. எழுத்துச்சரத்தையே நிரலாக ஓட்டும் ஈவால் (eval) போட்டார்கள், இல்லையென்றால் வகுப்பை உள்ளே ஆராயும் ரிஃப்ளெக்‌ஷன் வழியே சுற்றிப் போனார்கள். இப்போது நேரே எழுதலாம். உறுப்பின் பெயரும் மாறியில் இருந்தால் $வகை::$$உறுப்பு. இரண்டு டாலரில் ஒன்றை விட்டால், ‘உறுப்பு’ என்ற பெயரிலேயே ஒன்றைத் தேடும். பெயர்களைத் தமிழிலேயே வைத்தேன். பிஎச்பி அதை ஏற்கும், நீங்களும் வையுங்கள்.

இனி என்னை ஓர் இரவு முழுக்க விழிக்க வைத்த இடத்துக்கு வருகிறேன். மூன்று வகுப்புக்கும் தாயாக ‘நெல்’ என்று ஒன்றை எழுதி, விலையை அதில் மட்டும் அறிவித்திருந்தேன். சம்பாவின் விலையை ஏற்றினேன். நாடு நெல்லின் விலையும் ஏறிவிட்டது!

நம் ஊரில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்போம். அந்த வளவில் தனிக் கிணறு வெட்டாதவரை அவள் தாய்வீட்டுக் கிணற்றில்தான் அள்ளுவாள். ஸ்டாட்டிக் உறுப்பும் அப்படித்தான். பிள்ளை வகுப்பில் மறுபடி அறிவிக்காவிட்டால் எல்லோருக்கும் தாயின் ஒரே உறுப்புத்தான். $வகை என்னும் மாறி வழியாகப் போனால் இது இன்னும் மறைந்துவிடும், எந்த வகுப்பைத் தொடுகிறோம் என்பது அந்த வரியில் தெரியாதே.

மூன்றிலும் தனியாக அறிவித்தேன். அப்படியும் தாயில் எழுதிய செயற்பாடு (method) தாயின் பழைய விலையையே சொன்னது. அதற்குள் செல்ஃப்::$விலை (self::$விலை) என்றிருந்தது. செல்ஃப், தான் எழுதப்பட்ட வகுப்பையே பார்க்கும். எந்த வகுப்பின் பெயரில் அழைத்தோமோ அதைப் பார்க்க ஸ்டாட்டிக்::$விலை (static::$விலை) வேண்டும். அதுவும் 5.3 தந்ததே.

இன்னொன்று. இணையப் படிவத்தில் வரும் சொல்லை அப்படியே வகுப்பின் பெயராக்காதீர்கள். எவரோ அனுப்பும் பெயர் உங்கள் வேறு வகுப்புகளையும் திறந்துவிடும். அனுமதித்த மூன்று பெயரையும் ஒரு அணியில் (array) வைத்து, அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலையை எடுங்கள்.

இப்போது கணினியைத் திறவுங்கள். தாயில் மட்டும் விலையை அறிவித்து, சம்பா வகுப்பில் மாற்றி, நாடு வகுப்பில் அச்சிட்டுப் பாருங்கள்.