முப்பதா, தொண்ணூறா?

வணக்கம் நண்பர்களே. இப்போது நீங்கள் கேட்டது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இரண்டு வயலினுக்கும் ஆர்கெஸ்ட்ரா என்னும் வாத்தியக் குழுவுக்கும் சேர்த்து எழுதிய கான்செர்ட்டோவின் நடுப்பகுதி. 1932இல் பாரிஸில் பதிவானது. வாசித்தவர்கள் யெஹூதி மெனுஹின், அவருடைய குரு ஜார்ஜ் எனெஸ்கு, ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் பியர் மோந்தோ. சிஷ்யனுக்கு அப்போது வயது 16.

இந்தப் பதிவை ஒரு மென்பொருளிடம் கொடுத்தால் டெம்போ (வேகம்) இவ்வளவு, கீ (ஆதார ஸ்வரமும் அதன் வரிசையும்) எஃப் மேஜர், மூட் சோகம் என்று மூன்று வரியில் ஜாதகம் எழுதிவிடும். மூன்றையும் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை வைத்துக்கொண்டு இந்த இசைக்குள் ஒரு அடிகூட உள்ளே போக முடியாது.

டெம்போவை எடுங்கள். ஒரு சுற்றுக்கு 12 சின்ன ஸ்வரங்கள், மூன்று மூன்றாக நாலு கொத்து, நம் ஆட்களுக்குத் திஸ்ர நடை என்றால் உடனே புரியும். கொத்தை எண்ணினால் நிமிடத்துக்குச் சுமார் 30 வரும், உள்ளே இருக்கும் சின்ன ஸ்வரத்தை எண்ணினால் 90. எது டெம்போ? இரண்டும்தான். அடியில் தாளம் மெதுவாக நகர, மேலே வயலின்கள் நடந்துகொண்டே இருக்கின்றன, பாக்கும் தலைப்பில் 'லார்கோ மா நான் தான்தோ' என்றுதான் போட்டிருக்கிறார், அதாவது மெதுவாக, ஆனால் ரொம்ப இழுக்க வேண்டாம். அந்த 30க்கும் 90க்கும் நடுவே கலைஞர் எதில் மனதை வைக்கிறார் என்பதில்தான் பதிவுக்குப் பதிவு வித்தியாசம் வருகிறது. சின்ன ஸ்வரத்தை எண்ணி எண்ணி வாசித்தால் எவ்வளவு வேகமாகப் போனாலும் கனமாகவே கேட்கும்.

கீ இன்னும் வேடிக்கை. கான்செர்ட்டோ டி மைனர், நடுப்பகுதி மட்டும் எஃப் மேஜர், நாலு கட்டையில் சங்கராபரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேச்சல் பாட்ஜரும் ஆண்ட்ரூ மான்ஸும் வாசித்த பதிவு போல, பழைய காலத்து முறைப்படி ஏ ஸ்வரத்தை நொடிக்கு 440 அதிர்வுக்குப் பதில் 415இல் வைத்துச் சுருதி சேர்ப்பவர்களிடம் போனால் எல்லாமே அரைக் கட்டை இறங்கிவிடும். கருவி வைத்து அளந்தால் ஈ மேஜர். விரலோ எஃப் மேஜரில்தான் இருக்கிறது! வயலின்காரருக்கு எந்த ஸ்வரம் விரல் வைக்காத திறந்த கம்பியில் விழுகிறது என்பது முக்கியம். முதல் பகுதியில் டி, ஏ கம்பிகள் கூடவே அதிர்ந்து துணை நிற்கும். நடுப்பகுதிக்கு ஆதாரமான எஃப்புக்குத் திறந்த கம்பி கிடையாது, விரல் அழுத்தித்தான் ஆக வேண்டும், அதனால் நாதம் கொஞ்சம் மூடினாற்போல வரும். பாக்கே பிற்பாடு இதை பியானோவுக்கு முந்தைய வாத்தியமான ஹார்ப்சிகார்டு இரண்டுக்கு மாற்றியபோது சி மைனருக்கு இறக்கிவிட்டார், நடுப்பகுதிக்கு லார்கோவை எடுத்துவிட்டு 'ஆண்டான்டே', அதாவது நடக்கிற வேகம், என்று போட்டார். எழுதினவரே கீயையும் டெம்போவையும் மாற்றிக்கொள்ளும்போது நாம் எதைப் பிடித்துக்கொண்டு தொங்குவது?

பழைய இசைத்தட்டுகளில் கீ, டெம்போ இரண்டையும் பிரிக்கவே முடியாது. வயலின் கலைஞர்கள் கிரைஸ்லரும் ஜிம்பாலிஸ்டும் 1915இல் இதே கான்செர்ட்டோவை ஒரு நால்வர் குழுவோடு பதிவு செய்தார்கள். அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாம் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றில்தான் சுற்றின என்று நம்ப முடியாது. ஆறு சதவீதம் வேகம் கூட்டினால் அரைக் கட்டை ஏறிவிடும், டெம்போவும் கூடவே ஏறும். ஆக, இன்று நாம் கேட்கும் பிரதியில் டெம்போ என்பது ஓரளவுக்குத் தட்டை இன்றைய வடிவத்துக்கு மாற்றிய பொறியாளரின் தீர்ப்பு.

சரி, மூட்? மேஜர் என்றால் சந்தோஷம், மைனர் என்றால் சோகம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். இது மேஜர், ஆனாலும் தொண்டை அடைக்கிறது. காரணத்தைக் காதாலேயே பிடித்துவிடலாம். இரண்டாவது வயலின், முதல் வயலின் இல்லாமல் ஆரம்பித்து, ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தி, அப்புறம் படிப்படியாக இறங்குகிறது. இரண்டு சுற்று கழித்து முதல் வயலின் ஐந்தாம் ஸ்வர உயரத்தில் அதே வரியோடு நுழைகிறது. அதற்குப் பிறகு ஒருவர் ஸ்வரத்தை நீட்டிக்கொண்டிருக்க, அடியில் மற்றவர் நகர்ந்துவிடுவார், ஒரு கணம் இரண்டும் உரசும், நீட்டினவர் ஒரு படி இறங்கினால்தான் சமாதானம். அது தீர்ந்த உடனே அடுத்த உரசல். பகுதி முழுக்க இதுதான் நடக்கிறது, ஆர்கெஸ்ட்ரா பாவம் ஓரமாக நின்று அடி கொடுக்கிறது. அந்த உரசலில் எவ்வளவு நேரம் நிற்பது, எவ்வளவு வில் அழுத்துவது, எப்போது விட்டுக்கொடுப்பது என்பதெல்லாம் தாளில் இல்லை. மெனுஹினும் எனெஸ்குவும் ஒருவர் நீட்டும்போது மற்றவர் குரலைத் தணித்துக் காத்திருக்கிறார்கள், எனக்கு அதுதான் இந்தப் பதிவின் மூட்.

1946இல் வயலின் கலைஞர் ஹைஃபெட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு வயலினையும் தானே வாசித்தார், ஒன்றைப் பதிவு செய்து, அதைக் கேட்டுக்கொண்டே இன்னொன்றை. சுத்தத்தில் குறை சொல்ல இடமே இல்லை. ஆனால் முதலில் பதிவான கைக்கு, பின்னால் வரப்போகிறவர் என்ன செய்வார் என்று கேட்க வழியில்லை. அங்கே விட்டுக்கொடுப்பது ஒரு பக்கம் மட்டும்தான் நடக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது, நீங்கள் மறுக்கலாம். அதைத்தான் அடுத்துப் போடப்போகிறேன். டெம்போ, கீ எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நீட்டின ஸ்வரம் இறங்கும் இடங்களை மட்டும் கவனித்துக் கேளுங்கள், முடிந்ததும் சண்டை போடலாம்.