சொங்குராய் முகாமும் பக்கத்துக் கொட்டகைகளும்

நேயர்களுக்கு வணக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை என்றால் மலாயாத் தோட்டத்திலிருந்து போய்த் திரும்பாத தாத்தா, பெரியப்பா பேச்சுதான் நம் வீடுகளில் முதலில் வரும். இன்று நான் பேசப்போவது அதே பாதையில் இருந்த சொங்குராய் என்ற போர்க்கைதிகள் முகாமைப் பற்றி. அங்கே நடந்ததைத் தெரிந்துகொண்டால், நம் ஆட்களுக்கு எதுவெல்லாம் கிடைக்காமல் போனது என்பது விளங்கும்.

தாய்லாந்தின், அதாவது அன்றைய சயாமின், பான்போங் முதல் பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு வந்ததால், பர்மாவில் இருந்த தன் படைக்குத் தரைவழியே தளவாடம் அனுப்ப ஜப்பான் 1942-இல் வேலையைத் தொடங்கியது. மறு ஆண்டு கெடுவைச் சுருக்கினார்கள், ஆள் போதவில்லை. சிங்கப்பூர் சாங்கி கைதி முகாமில் இருந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளில் 7,000 பேரை ஏப்ரல் 1943-இல் 'எஃப் படை' என்று பெயரிட்டு அனுப்பினார்கள். போகிற இடத்தில் சாப்பாடு தாராளம், நோயாளிகளும் வரலாம் என்று சொல்லப்பட்டது. அதை நம்பி ஒரு பியானோவைக்கூட எடுத்துப் போனார்கள்.

சரக்குப் பெட்டிகளில் பான்போங் வரை. அதற்கு மேல் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் காட்டுப் பாதையில் இரவு இரவாக நடை. பர்மா எல்லைக்குப் பக்கத்தில் சொங்குராய்க்கு வந்து சேர்ந்தபோது மழைக்காலம் பிடித்துவிட்டது. கொட்டகைகளுக்குக் கூரையே இல்லை. வழியிலேயே தொற்றிய காலரா முகாமுக்குள் புகுந்தது. அப்படியும் பாலம் கட்டும் வேலை நிற்கவில்லை. படுத்துக் கிடந்தவனுக்கு அரிசியைக் குறைத்தார்கள், வேலைக்குப் போகட்டும் என்று. எஃப் படையில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நோயைக்கூட ஒரு வகையில் புரிந்துகொள்ளலாம். அந்த அரிசிக் கணக்கை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனாலும் அந்தக் கைதிகளுக்குச் சில துணைகள் இருந்தன. கூடவே அவர்களுடைய படை மருத்துவர்கள் இருந்தார்கள். அந்தப் பாதை நெடுகிலும் முகாம் மருத்துவர்கள் காய்ச்சிய தண்ணீரில் உப்பைக் கரைத்து, ஸ்டெதாஸ்கோப்பின் ரப்பர் குழாயில் மூங்கில் முனையைச் செருகி, காலரா நோயாளியின் ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். காலில் அழுகிய புண்ணைக் கரண்டியால் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், மயக்க மருந்து இல்லாமலே. கைதிகளின் படை அதிகாரிகள் யார் இறந்தார், எங்கே புதைத்தோம் என்று ஒளித்து ஒளித்து எழுதி வைத்தார்கள்.

நம் ஆட்கள் இருந்த கொட்டகைகளில் இதில் எதுவுமே இல்லை. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று தோட்டங்களில் ஆள் சேர்த்தார்கள். அது போதாதபோது வளைத்துப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். தமிழர்களோடு மலாய்க்காரர், சீனர், பர்மியர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். மனைவி மக்களோடு போனவர்களும் உண்டு. காலரா வந்தபோது காய்ச்சிய தண்ணீர் மட்டும் குடி என்று அதட்டிச் சொல்லக்கூட ஆள் இல்லை. பிறகு சாங்கியிலிருந்து கைதி மருத்துவர்களையே கே, எல் என்ற பெயர்களில் இரண்டு குழுக்களாக அனுப்பினார்கள். அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள்.

1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்த்தாவில் தண்டவாளத்தின் இரு முனைகளும் இணைந்தன. போர் முடிந்ததும் 1945-இல் ஒரு தேடுதல் குழு அந்தப் பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு பாதை நெடுகப் போய் கைதிகளின் புதைகுழிகளைக் கண்டுபிடித்தது. அந்த உடல்கள் இன்று காஞ்சனபுரி, சுங்காய், தான்பியூசாயாட் கல்லறைத் தோட்டங்களில் இருக்கின்றன. இறந்த கைதிகள் 12,000-க்கு மேல் என்று நம்மால் சொல்ல முடிவது அந்தப் பதிவுகளால்தான். தொழிலாளர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு மட்டுமே. பட்டியலும் இல்லை, பெரும்பாலோர் தனிக் கல்லறையும் இல்லாமல் காட்டிலேயே கிடக்கிறார்கள்.

அதனால் மலேசிய நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலிருந்து சயாமுக்குப் போனவர் பெயர், அப்பா பெயர், தோட்டம், எந்த ஆண்டு, கூடப் போனவர் யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இந்த வாரமே எழுதி வையுங்கள். தோட்டத்துக் கிராணியின், அதாவது கணக்கெழுதும் எழுத்தரின், பழைய பேரேடு எவரிடமாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆவணக் காப்பகத்தில் ஒரு நகலாவது சேரட்டும். வணக்கம்.