செத்தவர் பெயர் இருக்கிறது, பிழைத்து வந்தவர் பெயர் எங்கே?

1940 செப்டம்பர். லண்டன் மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு பொழிகின்றன. ஆர்ன்சைட் தெருவில் இருந்த ராணுவ ஆவணக் கிடங்கு பற்றி எரிகிறது. உள்ளே இருந்தவை முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் ராணுவச் சிப்பாய்களின் பணிக் கோப்புகள். பாதிக்கு மேல் சாம்பல். மிஞ்சியதில் பலவும் கருகியும் தண்ணீரில் ஊறியும் போயின.

இப்போது யோசித்துப் பாருங்கள். போரில் இறந்தவருக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவு உண்டு. கடல் கடந்து போய்ச் சண்டை போட்டவருக்கு, அவருக்குரிய பதக்கங்களைக் குறித்து வைத்த பதக்க அட்டை உண்டு. உள்நாட்டிலேயே பணியாற்றிவிட்டு உயிரோடு வீடு திரும்பியவருக்கு? அவர் கோப்பும் எரிந்துவிட்டதா, போச்சு! அவர் ராணுவத்தில் இருந்தார் என்பதற்கு மிச்சமிருக்கும் சாட்சி, ஏதோ ஒரு கிராமத்துச் சர்ச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய ஒரு தாளாக இருக்கலாம்.

அந்தத் தாள்தான் ‘ரோல் ஆஃப் ஆனர்’, அதாவது படைக்குப் போன ஊர்க்காரர்களின் மரியாதைப் பட்டியல். வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: போர் நடக்கும்போதே ஊர்க்காரர்கள் எழுத ஆரம்பித்தார்கள், போனவர் எல்லோரையும் சேர்த்தார்கள், யாராவது இறந்தால் பல ஊர்களில் பெயர் பக்கத்தில் ஒரு சிலுவை போட்டார்கள். அவ்வளவுதான்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. இந்தத் தாளுக்கு முதல் எதிரி யார் தெரியுமா? அதைத் தாங்கிப் பிடித்த பின்பலகையேதான். மரத்திலிருந்து கசியும் அமிலம் ஆண்டுக்கணக்கில் தாளுக்குள் இறங்கி அதைப் பழுப்பாக்கி, தொட்டால் நொறுங்கும்படி செய்துவிடும். முன்பக்கம் வெயில் மையை வெளிறச் செய்யும். கண்ணாடியில் தாள் ஒட்டியிருந்தால் ஈரம் தேங்கிப் பூஞ்சை வரும். பாவம், நாலு பக்கமும் அடி!

பழுதுபார்ப்பவர் முதலில் பலகையைக் கழற்றுவார். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரை மை மேல் வைத்துப் பார்ப்பார். மை கரைந்தால் கழுவும் பேச்சே கிடையாது. கிழிசலுக்குப் பின்னால் மெல்லிய ஜப்பானியத் தாளை வைத்துக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டுவார். ஆமாம், மாவுப் பசை! சுவரில் போஸ்டர் ஒட்டும் பசைக்குச் சொந்தக்காரன்தான். காரணம் கஞ்சத்தனம் இல்லை. நாளைக்கு வேறொருவர் இதைவிட நன்றாகச் செய்ய நினைத்தால், தண்ணீர் காட்டி எடுத்துவிடலாம். செல்லோடேப் ஒட்டிய புண்ணியவான்கள் இதைக் கேட்டுக்கொள்ளவும்.

மங்கிய பெயர்கள்? இரும்பு உப்பு சேர்த்துச் செய்த பழைய மையாக இருந்தால், புற ஊதா விளக்கைக் காட்டினால் பெரும்பாலும் போதும். தாள் ஒளிரும், மை மட்டும் ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தெரியும். வெறும் பழுப்பாக இருந்த இடத்தில் எழுத்து எழுந்து நிற்கும்! அதைப் படமெடுத்து வைப்பார்கள், பேனாவால் மேலே எழுத மாட்டார்கள். அன்று தப்பாக எழுதிய பெயரையும் திருத்த மாட்டார்கள், தனியாகக் குறித்து வைப்பார்கள். என் கருத்தும் அதுதான். திருத்திவிட்டால் அது நம் பட்டியல், அன்றைய ஊர்க்காரர்களுடையது இல்லை.

அப்புறம், பட்டியல் தாளில் இல்லாமல் பித்தளைப் பட்டயத்தில் இருந்தால் ஒரே எச்சரிக்கை: பளபளப்புக்காகத் தேய்த்துக்கொண்டே இருந்தால் பெயர்களும் சேர்ந்து தேய்ந்துவிடும்.

சரி, வேலை முடிந்தது. அசலை மறுபடி சர்ச் சுவரில் மாட்டுவதா, ஆவணக் காப்பகத்தில் இருட்டறைக்கு அனுப்பிவிட்டு நகலை மாட்டுவதா? நான் நகல் கட்சி. நீங்கள் எந்தக் கட்சி? கமெண்டில் சண்டைக்கு வாருங்கள், லைக்கும் போட்டுவிட்டு வாருங்கள்.