குறிமுறையைத் தாளில் அச்சிடுவதற்கு முன் ஒரு சிறு கணக்கு

வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து பேசுகிறேன், பின்னணியில் காலி வீதியின் பேருந்து ஒலி கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். செய்நிரலின் மூலக் குறிமுறையை, அதாவது கணினிக்கு நாம் எழுதும் கட்டளை வரிகளைத் தாளில் கண்ணுக்கு இதமாக அச்சிடுவது எப்படி என்பதே இன்றைய பேச்சு. இறுதியாண்டுச் செயற்றிட்ட அறிக்கைக்குப் பின்னிணைப்பு தயாரிப்பவர்களும், உயர்தர மாணவர்களுக்குப் பைத்தன் பயிற்சித் தாள் தயாரிக்கும் ஆசிரியர்களும் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள்.

முதலில் இந்தத் தாளைப் பாருங்கள், கமராவுக்கு அருகில் பிடிக்கிறேன். நான் மாணவனாக இருந்தபோது என் அறிக்கையில் சேர்த்த பக்கம் இது. எடிட்டரின் கறுப்புத் திரையை அப்படியே படமாகப் பிடித்து ஒட்டினேன். போட்டோக் கொப்பிக் கடை அண்ணன், "தம்பி, இது முழுக்கக் கறுப்பாத்தான் வரும், பரவாயில்லையோ?" என்று கேட்டார், நானும் தலையாட்டிவிட்டேன். எழுத்துகள் மங்கி, மை எதிர்ப் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டது. பரிசோதகர் அந்தப் பதினான்கு பக்கங்களையும் ஒரே புரட்டில் தாண்டிவிட்டார்.

ஆகவே நிறத்துக்கு முன் அகலத்தைப் பார்ப்போம். கூரியர் போன்ற, எல்லா எழுத்தும் ஒரே அகலம் கொண்ட எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தின் அகலமும் எழுத்தளவின் 0.6 பங்காகும்; எனவே 10 புள்ளி அளவில் (ஒரு புள்ளி என்பது அங்குலத்தின் 72 இல் ஒரு பங்கு) ஓர் எழுத்து 6 புள்ளி இடத்தை எடுக்கும். ஐபிஎம் நிறுவனம் 1928 இல் கொண்டுவந்த, தரவைத் துளைகளாகப் பதியும் அட்டையின் 80 நிரல்கள் (செங்குத்து வரிசைகள்) இன்றும் வரி நீளத்துக்கு வழக்கமான எல்லையாக இருப்பதால், 80 எழுத்துக்கு 480 புள்ளி தேவைப்படும். ஏ4 தாளின் அகலம் 595 புள்ளி என்பதால் மீதி 115, அதாவது இரு புறமும் இரண்டிரண்டு சென்ரிமீற்றர் கிடைக்கிறது. பார்க்கச் சரிபோலத் தெரிந்தாலும், வரியெண்ணுக்கு நான்கு எழுத்து இடமும் பைண்டிங்குக்கு இடப்பக்கம் மூன்று சென்ரிமீற்றரும் விட்டால் வலப்பக்கத்தில் கால் சென்ரிமீற்றர்கூட மிஞ்சாது. அளவை 9 புள்ளியாக்கினால் 84 எழுத்துக்கு ஏறத்தாழ 454 புள்ளி போதும். மிஞ்சும் ஐந்து சென்ரிமீற்றரை இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் இரண்டு என்று பிரித்துக்கொள்ளலாம். நான் 9 புள்ளியையே விடாப்பிடியாகப் பயன்படுத்துவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

அடுத்தது நிறம். திரையில் அழகாகத் தெரியும் மஞ்சளும் வெளிர் பச்சையும் வெள்ளைத் தாளில் காணாமற்போகும், கறுப்பு வெள்ளைப் பிரதியில் எல்லாமே ஒரே சாம்பலாகிவிடும். அல்கோல் 60 என்ற பழைய செய்நிரல் மொழிக் காலத்திலேயே, அச்சிலே வரும் செய்நிரல்களில் ஒதுக்கப்பட்ட சொற்களை, அதாவது இஃப், ஃபோர் போல மொழி தனக்கென வைத்திருக்கும் சொற்களைத் தடித்த எழுத்தில் போடும் மரபு இருந்தது. அதையே இன்றும் பின்பற்றலாம்: ஒதுக்கப்பட்ட சொற்கள் தடித்த எழுத்தில், குறிப்புரைகள் (வாசிப்பவருக்காக எழுதும், கணினி பொருட்படுத்தாத விளக்கங்கள்) சாய்வெழுத்தில், மற்றவையெல்லாம் சாதாரணமாக. குறிமுறைக்கு நிறமும் வடிவமும் கொடுக்கும் பிக்மென்ட்ஸ் மென்பொருளில் கறுப்பு வெள்ளைக்கென்றே ஒரு பாணி இருக்கிறது. அதைத் தெரிவு செய்து வரியெண்ணுடன் எச்டிஎம்எல் கோப்பாக்கி, உலாவியிலிருந்து பிடிஎஃப் ஆகச் சேமித்தால் பெரும்பாலோரின் தேவை முடிந்துவிடும்.

ஆவணங்களை அச்சுக்கோக்கும் லாடெக் மென்பொருளைப் பயன்படுத்துவோர் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஓர் இடத்தைச் சொல்லவேண்டும். குறிமுறையை அச்சிட அதில் சேர்க்கும் லிஸ்டிங்ஸ் பொதியில் ஒதுக்கப்பட்ட சொற்களைத் தடிப்பாக்கு என்று எழுதியும் தடிப்பு வரவில்லை என்று திகைப்பார்கள். லாடெக்கின் இயல்பான கம்பியூட்டர் மொடர்ன் தட்டச்சு எழுத்துருவுக்குத் தடித்த வடிவமே இல்லாததால், லாடெக் ஓர் எச்சரிக்கையை லொக் கோப்பில் எழுதிவிட்டுச் சாதாரண எழுத்தைப் போட்டுவிடுகிறது. பெரா மோனோ போன்ற, தடித்த வடிவமுள்ள எழுத்துருவுக்கு மாறினால் சிக்கல் தீரும். அதே பொதியில் நீண்ட வரிகளை உடைக்கும் தெரிவையும் மேற்கோள் குறிகளை நேராக வைக்கும் தெரிவையும் நாமே இயக்கவேண்டும். வளைந்த மேற்கோளுடன் அச்சான வரியைப் பிடிஎஃப்இலிருந்து நகலெடுத்து இயக்கும் மாணவருக்குப் பிழைச் செய்தியே கிடைக்கும்.

இனித் தமிழ்க் குறிப்புரைகள். இந்த இரண்டாவது தாளைப் பாருங்கள். என்ஸ்கிரிப்ட் என்ற பழைய யுனிக்ஸ் கருவியில் அச்சிட்டது. "கூட்டுத்தொகையைக் கணி" என்று நான் எழுதிய இடமெல்லாம், தலையில் சாய்கோடு போட்ட ரோமன் ஏயும் வட்டத்துக்குள் அடைபட்ட ஆரும் மாறி மாறி வந்திருக்கின்றன. யுடிஎஃப் 8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகிறது. பைட்டுக்கு ஓர் எழுத்து என்று வாசிக்கும் இந்தக் கருவிக்கு முதற்பைட்டு எப்போதும் அந்தக் கோடு போட்ட ஏ ஆகத்தான் தெரியும். உலாவி வழியில் இந்தத் தொல்லை இல்லை, தமிழ் வராத எழுத்துருவுக்குப் பதிலாக வேறோர் எழுத்துருவை அது தானே எடுத்துக்கொள்ளும். லாடெக்கின் இன்னொரு வடிவமான லுவாலாடெக்கில் என்றால், எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் முறையைத் தெரிவு செய்யுங்கள், இல்லாவிடில் ஒற்றைக்கொம்பு மெய்யைத் தாண்டிப் போய் நிற்கக்கூடும்.

இன்னொன்று: தமிழெழுத்துகள் ஒரே அகலத்தில் அமைவதில்லை. "ர" வும் "ணௌ" வும் ஒரே பெட்டியில் அடங்குமா? ஆகவே வரியின் இறுதியில் நேர்கோட்டில் வரிசைப்படுத்திய தமிழ்க் குறிப்புரைகள் தாளில் கோணலாகவே தெரியும். நான் குறிப்புரையை எப்போதும் அந்த வரிக்கு மேலே தனி வரியாக, அதே உள்தள்ளலில் எழுதுகிறேன். பார்வைக்கும் அதுவே சீர்.

எல்லாம் முடிந்ததும் எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப்ஐ மட்டும் பென்டிரைவில் கொண்டுபோங்கள். அச்சிடும் திரையில் தாளுக்குப் பொருத்து என்ற தெரிவு இயங்கிக்கொண்டிருந்தால் பக்கம் சுருங்கி, நாம் கணக்கிட்ட 9 புள்ளி 8½ ஆகிவிடலாம். "அண்ணன், அக்சுவல் சைஸில முதல் ஒரு பக்கம் மட்டும் எடுத்துத் தாங்கோ" என்று கேட்டு, அந்தத் தாளில் வலது ஓரத்தை அடிமட்டத்தால் அளந்த பின்னரே மற்றப் பக்கங்களுக்குச் சம்மதம் சொல்லுங்கள்.