கால் எரிச்சலுக்கு இன்னொரு காரணம்

நேயர்களுக்கு வணக்கம்.

"டாக்டர், பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு." "செருப்பு கழன்று போனதே தெரியலை." பல வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "சுகர் வந்தா கால் மரத்துப் போகத்தானே செய்யும்?"

பல சமயம் அது உண்மைதான். சர்க்கரை நெடுநாள் கட்டுக்குள் இல்லாவிட்டால் கால் நரம்புகள் கெடும். ஆனால் வைட்டமின் பி12 குறைந்தாலும் இதே மதமதப்பும் எரிச்சலும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சரிசெய்யலாம். அப்படிச் சரிசெய்யக்கூடிய ஒன்றைப் பார்க்காமலே விட்டுவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

சர்க்கரை நோய்க்குப் பெரும்பாலும் முதலில் எழுதிக் கொடுக்கும் மாத்திரை மெட்ஃபார்மின். 1957இல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் இதன் பலனை எழுதி வெளியிட்டார். அன்று முதல் கோடிக்கணக்கானவர்களைக் காத்துவரும் மருந்து, விலையும் குறைவு. ஆனால் நெடுநாள் எடுத்தால் இதுவே பி12ஐக் குறைக்கலாம். அதைக் கேட்டுவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

நாம் சாப்பிடும் பி12, வயிற்றில் சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உடம்புக்குள் போகிறது. அந்த இடத்தில் கால்சியத்தின் உதவி வேண்டும். மெட்ஃபார்மின் அதைத் தடுப்பதாகக் கருதுகிறார்கள். கல்லீரலில் சில வருடத்துக்கான பி12 இருப்பு இருக்கும். அதனால் மாத்திரை தொடங்கிய உடனே ஒன்றும் தெரியாது. மெல்ல மெல்லக் கரைந்து, எதனால் என்றே நினைவில் வராத காலத்தில் தெரியவரும். நெதர்லாந்தில் நான்கு வருடத்துக்கு மேல் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு பி12 சராசரியாக 19 சதவீதம் குறைந்திருந்தது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2022இல் இதை அடிக்கடி வரக்கூடிய பக்கவிளைவு என்று அறிவித்தது.

நம் வீடுகளில் இன்னும் இரண்டு விஷயம் சேர்ந்துகொள்கிறது. ஒன்று, சாப்பாடு. கீரையிலும் பருப்பிலும் பி12 இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. பாலும் குறைத்துக்கொண்ட சைவக்காரருக்கு வரவே குறைவு. இன்னொன்று, காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை. வயிற்று அமிலம் குறைந்தால் உணவிலிருந்து பி12 பிரிந்து வருவதும் குறையும். கடையில் தாமாகவே வாங்கி வருடக்கணக்கில் போடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

கால் மட்டுமல்ல. நாக்கு வழவழப்பாகிப் புண்ணாவது, காரணமில்லாத அசதி, மறதி, இவற்றையும் கவனியுங்கள். முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறதா? அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். "ரத்தம் நல்லா இருக்கு, ஹீமோகுளோபின் குறையலை" என்று தேறிக்கொள்ளவும் வேண்டாம். ரத்தசோகை வராமலே நரம்பு கெடலாம். சத்து மாத்திரை என்று ஃபோலிக் அமிலம் மட்டும் போட்டால் ரத்தம் தேறிவிடும், நரம்பு தேறாது.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! அப்படி வாங்குகிறவர்களும் வருடத்துக்கு ஒருமுறையாவது மருத்துவரைப் பார்த்து, "பி12 பார்க்கணுமா?" என்று கேளுங்கள். நான்கைந்து வருடமாக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், அதிலும் கால் மதமதப்பு உள்ளவர்கள், தள்ளிப்போட வேண்டாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் சில மாதங்களில் எரிச்சல் குறையும். ரொம்ப நாள் விட்டுவிட்டால் மரத்துப்போனது முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

அப்புறம், போகும்போது அந்தக் கேஸ் மாத்திரை அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். நீங்களாகச் சொல்லாவிட்டால் டாக்டருக்குத் தெரியாது.

வணக்கம்.