ஜாம் ஆன டிராக்டர் பிஸ்டனை வெளியே எடுப்பது எப்படி?

[காட்சி: கேத்தி பாலாடா. கேரட் தோட்டத்து ஓரம், தகரக் கொட்டகையில் பழைய மூன்று சிலிண்டர் டீசல் டிராக்டர்]

நீலகிரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. சைலன்சர் மேல்நோக்கி நிற்கும் டிராக்டரை வெளியிலேயே விட்டால், மழைத்தண்ணீர் குழாய் வழியாக இறங்கும். எந்த சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கிறதோ, அதற்குள் போய்த் தேங்கும். மற்றவை நன்றாக இருக்க ஒரு பிஸ்டன் மட்டும் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். துருப்பிடிப்பது அலுமினிய பிஸ்டன் இல்லை. அதன் ரிங்குகளும், அது ஏறி இறங்கும் இரும்பு உருளையான லைனரின் சுவரும்.

முதலில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் பாருங்கள். அதன் பல் ஃப்ளைவீலில் சிக்கியிருந்தாலும் இன்ஜின் சுற்றாது. கயிறு கட்டி இழுத்தால் விட்டுவிடும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

[காட்சி: சிலிண்டர் ஹெட் கழற்றியபின், மேலிருந்து]

தண்ணீரைத் துடைத்துவிட்டு, ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். இரண்டும் பிரிந்து நிற்கும், குலுக்கிக் குலுக்கி ஊற்ற வேண்டும். பக்கத்தில் பீடி, வெல்டிங் எதுவும் கூடாது. அப்புறம் விட்டுவிடுங்கள். நாள் கணக்கில் ஊறட்டும், மட்டம் குறையக் குறைய ஊற்றுங்கள். உண்மையான வேலையை எண்ணெய்தான் செய்கிறது, சுத்தியல் இல்லை.

இங்கே ஊட்டிக் குளிரும் கொஞ்சம் உதவும். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். ஜனவரி உறைபனி இரவில் பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி கூடும். அதனால் தட்டிப் பார்க்க விடியற்காலைதான் நல்ல நேரம். பிஸ்டனைச் சூடாக்கினால் அந்த நேரத்துக்கு இன்னும் இறுகத்தான் செய்யும்.

[காட்சி: கீழிருந்து, சம்ப் (இன்ஜின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) இறக்கியபின்]

ராடைக் கிராங்க்கோடு பிடித்திருக்கும் பேரிங் கேப்களைக் கழற்றுமுன் எது எந்த சிலிண்டருடையது என்று குறி போடுங்கள், மாறினால் வம்பு. ராடு போல்ட்டுகளில் ரப்பர் குழாய்த் துண்டு மாட்டினால் கிராங்க்கில் கீறல் விழாது.

சிலிண்டர் வாய்க்குக் கொஞ்சம் சிறிதாக ஒரு தைல மரக் கட்டையை வட்டமாக அறுத்துக்கொள்ளுங்கள். டீசல் பிஸ்டனின் நடுவில் குழி இருக்கும், அடி அதில் விழாமல் ஓரத்தில் பரவ வேண்டும். முதல் அடி கீழ்நோக்கி. ஒரு நூல் நகர்ந்தால் போதும், துருவின் பிடி உடைந்துவிட்டது. அடுத்து கீழே இருந்து மேலே. மறுபடி எண்ணெய், மறுபடி கீழே. சம்மட்டியை எடுக்காதீர்கள்.

பிஸ்டன் மேலாகத்தான் வெளியே வரும். அதற்கு முன் லைனர் வாயில் படிந்த கரியையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள், இல்லாவிட்டால் ரிங் அங்கே மாட்டிக்கொள்ளும்.

வெளியே வந்ததும் லைனரை நகத்தால் தடவுங்கள். ரிங் ஓடும் இடத்தில் குழி தட்டினால் ஹோனிங் (சாணைக்கல்லால் உள்சுவரைத் தேய்ப்பது) போதாது, புது லைனர்தான். லேசான கறை மட்டும் என்றால் ஹோனிங் செய்து புது ரிங் போட்டு ஓட்டலாம்.