தூத்துக்குடிக்கு வராத கப்பலும் 78 நாள் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். அம்மா இருபது வருடத்துக்கு மேல் அண்டி ஆபீஸில் வேலை பார்த்தார். முந்திரி ஆலைக்கு நம் மாவட்டத்தில் அதுதானே பேர். கொட்டையை உடைக்கும்போது தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் கையைப் பொசுக்கிவிடும் என்று விரலில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியும் அம்மாவின் ரேகை தேய்ந்துபோனது. ரேஷன் கடை மெஷினில் நாலைந்து தடவை அழுத்தினாலும் பதியாது. பின்னால் வரிசை முணுமுணுக்கும். அவர் விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து மறுபடி வைப்பார்.

உலக மூலதனம் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த விரல்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

கேரளத்தின் கொல்லத்தில் முந்திரித் தொழிலாளர்கள் சங்கம் கட்டிக் கூலியை உயர்த்தியபோது, முதலாளிகள் பலர் வேலையை இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். எல்லையில் களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் கூலி குறைவு. நமக்கு வேலை கிடைத்தது, சரி. ஆனால் அது அங்கே ஒரு பெண்ணின் கையிலிருந்து போன வேலை. அப்புறம் வியட்நாம் உடைப்புக்கும் தோல் உரிப்புக்கும் இயந்திரம் போட்டு, பருப்பு ஏற்றுமதியில் நம் நாட்டை முந்தியது. இப்போது நம் பெண்கள் கூலி கேட்டால் வியட்நாமைக் காட்டுகிறார்கள்.

ஏற்றுமதி ஆலைகளுக்கென்று மதில் கட்டி, வரிச்சலுகை கொடுத்து ஒதுக்கும் ஏற்றுமதி மண்டலங்களும் இதே கணக்குதான். 1965இல் குஜராத்தின் காண்ட்லா, 1984இல் தாம்பரம், 2005இல் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம், பக்கத்திலேயே நாங்குநேரி. களியக்காவிளையில் மாநில எல்லை செய்த வேலையை அங்கே மதில்சுவர் செய்கிறது. வரிச்சலுகையைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று: மண்டலத்துக்கு முதலீட்டைக் கொண்டுவர வேண்டிய அதிகாரியிடமே, பல மாநிலங்களில் தொழிலாளர் ஆணையரின் அதிகாரத்தையும் கொடுத்திருக்கிறார்கள். அவரிடம் போய் எந்தப் பெண் புகார் சொல்வாள்?

நம் ஆலைகளுக்கு வருவோம். உள்ளூர்க் கொட்டை போதாது. தான்சானியா, ஐவரி கோஸ்ட் என்று ஆப்பிரிக்காவிலிருந்து வர வேண்டும். அங்கே வேறொருவர் கூடுதல் விலைக்கு வாங்கிவிட்டால் தூத்துக்குடிக்குச் சரக்கு வராது. காலையில் போனால் கேட்டில், "கொட்டை இல்ல, திங்கக்கிழமை வாங்க" என்பார்கள். அந்த ஒரு வாரத்துக்குக் கூலி இல்லை. அதோடு முடிவதுமில்லை. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை வாங்க, ஆறு மாத சந்தா காலத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் ஏலம் கைவிட்டுப் போனால், கருங்கலில் ஒருத்தி காய்ச்சலில் கிடக்கும்போது பணம் வராது.

அம்மா வேலைக்குப் போன நாளையெல்லாம் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பார். ஒரு தடவை இடுப்புவலியோடு உட்கார்ந்து எண்ணினார். எழுபத்தொன்று. என்னிடம் கொடுத்து மறுபடி எண்ணச் சொன்னார்.

சரக்கு இல்லாமல் மூடிய நாளுக்கு லே-ஆஃப் சம்பளம் கொடுங்கள், அந்த நாளையும் சந்தாவில் சேருங்கள் என்று கேட்பது சலுகை அல்ல. அந்த வருடம் அம்மாவுக்கு ஏழே நாள்தான் குறைந்தது.